ஒயினின் புளிப்பைத் தின்னும் உயிர்

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துப் பழைய ஒயின்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். செப்டம்பரில் திராட்சையைப் பறித்து நசுக்கித் தொட்டியில் விட்டால், இரண்டொரு வாரத்தில் ஈஸ்ட் சர்க்கரையையெல்லாம் ஆல்கஹாலாக மாற்றிவிடும். பிறகு ஒயின் பீப்பாய்க்குள் போகும். குளிர்காலம் முழுக்க நிலவறையில் சத்தமே இருக்காது. சர்க்கரை தீர்ந்தது, ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிந்தது, இனி உள்ளே நடக்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஏப்ரல், மே வாக்கில், வெளியே தோட்டத்தில் கொடி துளிர்க்கிற சமயம், பீப்பாயின் வாயில் காதை வைத்தால் பொரிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். அடைப்பானை எடுத்தால் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழிகள். கொடியில் சாறு ஏறும்போது அது ஈன்ற ஒயினுக்கும் அது தெரிந்துவிடுகிறது, கூடவே விழித்துக்கொள்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

அழகான கதை. நிஜக் காரணத்தில் அத்தனை கவிதை இல்லை: நிலவறை கதகதப்பாகிவிட்டது, அவ்வளவுதான். குளிரில் முடங்கிக் கிடந்த ஒரு பாக்டீரியா, வெப்பநிலை 15 டிகிரியை நெருங்கியதும் எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது. அதன் வேலைக்குப் பெயர் மாலோலாக்டிக் நொதித்தல். பர்கண்டிக்காரர்கள் சுருக்கமாக மாலோ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். இது அவசரமாகச் சொன்னால் புரியாத விஷயம், அதனால் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பள்ளிப் பாடத்தில் ஒயின் என்றால் ஈஸ்ட். சர்க்கரை போய் ஆல்கஹால் வரும், கரியமில வாயு வெளியேறும், பாடம் முடிந்தது. ஆனால் உலகத்தில் விற்கிற சிவப்பு ஒயினில் கிட்டத்தட்ட எல்லாமே, வெள்ளை ஒயினில் கணிசமான பங்கும், ஈஸ்டுக்குப் பிறகு இன்னொரு உயிரின் வாய்க்குள் போய் வந்தவை. அந்த உயிரின் பெயர் ஈனோகாக்கஸ் ஈனி. உருண்டையாக, இரண்டிரண்டாகவோ சின்னச் சங்கிலியாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயிரத்துக்கு மேல் வரிசையில் நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஈஸ்டோடு ஒப்பிட்டால் பொடிசு.

நமக்கு இது அந்நியமான ஜாதி இல்லை. இட்லி மாவை ராத்திரி பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லூகோநாஸ்டாக் மெசன்டெராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு. ஒயின் பாக்டீரியாவும் 1995 வரை அதே லூகோநாஸ்டாக் குடும்பப் பெயரில்தான் இருந்தது. 1967இல் எல்லென் கார்வி என்ற ஆய்வாளர் அதற்கு லூகோநாஸ்டாக் ஈனாஸ் என்று பெயர் வைத்தார். பின்னால் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இது தனிக்குடித்தனம் போகிற அளவுக்கு வேறுபட்டது என்று தெரிந்து, ஈனோகாக்கஸ் என்று புதுப் பேரினம் உண்டாக்கினார்கள். மாவில் இருக்கும் உறவுக்காரன் சொகுசாக வாழ்பவன். அவனுக்கு உளுந்தும் அரிசியும் நம் ஊர் வெயிலும் போதும். ஒயினில் இருப்பவனோ 13 சதவீத ஆல்கஹாலிலும், கடும் புளிப்பிலும், ஒயின் கெடாமலிருக்கப் போடுகிற கந்தகத்தின் நெடியிலும் உயிர் வாழக் கற்றவன். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மற்ற பாக்டீரியா அனேகமாக நிற்காது. நிற்பது இதன் ஒரே திறமை என்றுகூடச் சொல்லலாம்.

அது என்னதான் தின்கிறது? அதற்குத் திராட்சையின் புளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள்: டார்டாரிக், மாலிக். டார்டாரிக் பிடிவாதமானது. காய் பழுத்தாலும் வெயில் அடித்தாலும் பெரிதாக அசையாது. பாக்டீரியாவும் அதை லேசில் தொடாது. மாலிக் அப்படியில்லை. பச்சைக் காயில் மண்டிக் கிடக்கும். பழுக்கப் பழுக்கத் திராட்சையே அதைச் சுவாசித்துச் செலவழித்துவிடும். வெயில் அதிகமென்றால் செலவும் அதிகம். அதனால்தான் சூடான நாட்டுத் திராட்சையில் லிட்டருக்கு 1, 2 கிராம் மாலிக் மிஞ்சுவதே கஷ்டம். குளிர்ப் பிரதேசத்தில், கோடை சரியாக அமையாத வருஷத்தில், 5, 6 கிராம்கூட நிற்கும். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல்லைக் கூச வைத்து, தாடையைப் பிடித்து இழுக்கிற புளிப்பு இருக்கிறதே, அதுதான் மாலிக். லாக்டிக் அமிலத்தின் புளிப்பு தயிரில் வருவது, மெத்தென்று இருக்கும்.

ஈனோகாக்கஸ் செய்வது இந்த மாலிக்கை லாக்டிக்காக மாற்றுவது. மாலிக் மூலக்கூறில் அமிலத்தன்மை தருகிற கார்பாக்சில் தொகுதி இரண்டு. பாக்டீரியாவிடம் உள்ள ஒரு நொதி அதில் ஒன்றை வெட்டிக் கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. மிஞ்சுவது ஒற்றைத் தொகுதி உள்ள லாக்டிக் அமிலம். ஒரே வெட்டு, வேலை முடிந்தது. ஒரு கிராம் மாலிக்கில் இருந்து 0.67 கிராம் லாக்டிக், 0.33 கிராம் வாயு.

பர்கண்டிப் பீப்பாயில் 228 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 3 கிராம் மாலிக் என்று வைத்துக்கொண்டால், ஒரு பீப்பாயில் 684 கிராம். அதில் சுமார் 224 கிராம் வாயுவாகப் போகும். நிலவறையின் வெப்பநிலையில் அது ஏறக்குறைய 120 லிட்டர் இடத்தை அடைக்கும். பாதிப் பீப்பாய்க்கும் கொஞ்சம் கூட. ஈஸ்ட் தொட்டியில் நுரைத்துக் கொந்தளித்தபோது போன வாயுவோடு பார்த்தால் இது சொற்பம். அதுவும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் போகிறது. பீப்பாயில் காதை வைத்தவர்களுக்குக் கேட்டது இந்த 120 லிட்டர்தான்.

இந்த இடத்தில் ஒரு மடக்கு குடித்துக்கொள்ளுங்கள், இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாக்டீரியாவுக்கு இதில் என்ன லாபம்? ஈஸ்ட் சர்க்கரையை உடைப்பதில் அதற்குச் சாப்பாடு இருக்கிறது. மாலிக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டுவதில் நேரடியாக ஆற்றல் எதுவும் கைக்கு வருவதில்லை. கறாராகப் பார்த்தால் இதை நொதித்தல் என்று சொல்வதே தப்பு. பிறகு ஏன் செய்கிறது?

அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனிகளின் நெரிசல். ஒயினில், செல்லுக்கு வெளியே அந்த நெரிசல் மிக அதிகம்; உள்ளே குறைவு. வெளியே நிற்பவை உள்ளே புகப் பார்த்துக்கொண்டே இருக்கும். புகுந்தால் செல் செத்துவிடும். இப்போது மாலிக் எதிர்மின்னூட்டத்தோடு உள்ளே வருகிறது. அதை வெட்டும்போது உள்ளே இருக்கிற ஒரு ஹைட்ரஜன் அயனி செலவாகிறது. கிடைத்த லாக்டிக் அமிலம் மின்னூட்டம் இல்லாமல் வெளியேறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் இப்படி வந்து போகப் போக, செல்லின் உள்ளே புளிப்பு இறங்குகிறது, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஏறுகிறது. செல் சவ்வில் ஒரு நொதி வாசல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வெளியே நெருக்கியடிக்கிற அயனிகளை அது தன் வழியாக மட்டும் உள்ளே விட்டு, அந்தப் பாய்ச்சலின் விசையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரித்துக்கொள்கிறது. தன்னைக் கொல்ல வந்த புளிப்பையே பிழைப்பாக்கிக்கொண்ட ஏற்பாடு. ஒயினின் புளிப்பு குறைவது அதற்குப் பக்கவிளைவு. நமக்கு வேண்டியது அந்தப் பக்கவிளைவுதான்.

சரி, இதை மனிதர்கள் எப்போது கண்டுபிடித்தார்கள் என்றால், ரொம்பத் தாமதமாக. அதற்குப் பாதிக் காரணம் லூயி பாஸ்டர் என்பது என் அபிப்பிராயம். 1857இல் பால் புளிப்பதற்கு நுண்ணுயிரே காரணம் என்று காட்டியவர் அவர். 1863இல் மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சு ஒயின்கள் ஏன் கெட்டுப்போகின்றன என்று பார்க்கச் சொன்னார். பாஸ்டர் தன் சொந்த ஊர்ப் பக்கமான ழூரா வட்டாரத்தில், ஆர்புவாவில், உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கசந்துபோன ஒயின், எண்ணெய் மாதிரி கொழகொழத்த ஒயின், கலங்கிச் சப்பென்று ஆன ஒயின்: ஒவ்வொன்றிலும் பாக்டீரியா. 1866இல் புத்தகமாக வெளியிட்டார். ஈஸ்ட் நல்லது, பாக்டீரியா கெடுதல். ஒயினைச் சூடாக்கிக் கொன்றுவிடுங்கள் என்பதுதான் அதிலிருந்து ஊருக்குப் போய்ச் சேர்ந்த பாடம். அவர் பார்த்தது பொய்யில்லை. கெட்டுப்போன ஒயினை ஆராயத்தான் அவரை அழைத்தார்கள்; அதில் பாக்டீரியா வில்லனாகத்தான் தெரியும். ஆனால் அவர் பெயருக்கு இருந்த மரியாதையில், நல்ல ஒயினிலும் பாக்டீரியா வேலை செய்கிறது என்று யோசிக்க அடுத்து வந்தவர்கள் தயங்கினார்கள்.

மாற்றம் குளிர் நாட்டிலிருந்து வந்தது. அது இயல்புதான், புளிப்பால் அவதிப்படுகிறவர்களுக்குத்தானே அது குறைவது கண்ணில் படும். சுவிட்சர்லாந்துக்காரரான ஹெர்மன் முல்லர்-துர்காவ், அவர் பெயரிலேயே ஒரு திராட்சை ரகம் இருக்கிறது, ஒயினில் அமிலம் தானாகக் குறைவதற்கு பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்று 1891இல் சொன்னார். அதுவரை, குளிரில் டார்டாரிக் உப்பு படிகமாக அடியில் இறங்குவதால்தான் புளிப்பு குறைகிறது என்ற விளக்கமே போதுமென்று இருந்தது. 1913இல் வேடன்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஆஸ்டர்வால்டருடன் சேர்ந்து விரிவாக வெளியிட்டார்: மாலிக்கை லாக்டிக்காக மாற்றுகிற பாக்டீரியா இன்னது, அது செய்வது இன்னது என்று.

ஆனாலும் பிரான்ஸின் போர்தோ வட்டாரம் அசைய மேலும் ஒரு தலைமுறை ஆனது. அங்கே ழான் ரிபெரோ-காயோன் 1930களின் பிற்பகுதியில், நல்ல சிவப்பு ஒயின்களில் மாலிக் அமிலம் இல்லாமலே போயிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவரோடு வேலை பார்த்த எமில் பெய்னோ இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதை ஒரு பிரசாரமாகவே எடுத்துக்கொண்டார். பாதாள அறைகளைச் சுத்தம் செய்யுங்கள், தொட்டியைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், மாலோ முடிந்ததா என்று சோதித்துவிட்டுக் கந்தகம் போடுங்கள் என்று ஷாத்தோ ஷாத்தோவாக, அதாவது எஸ்டேட் எஸ்டேட்டாக, போய்ச் சொன்னார். பெரிய பெரிய எஸ்டேட்காரர்களுக்கு, தங்கள் ஒயினில் பாக்டீரியா வளர வேண்டும் என்று ஒரு பேராசிரியர் சொல்வது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்குப் போர்தோ சிவப்பில் மாலோ நடக்காத ஒயின் என்று ஒன்று அனேகமாகக் கிடையாது. நவீன ஒயினை மாற்றியவர் யார் என்று கேட்டால் நான் பெய்னோவைத்தான் சொல்வேன், பாஸ்டர் இரண்டாவது.

அமெரிக்காவில் இதைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஹான்ஸெல் என்ற சின்ன ஒயினரி. அங்கே இருந்த பிராட் வெப், டேவிஸ் பல்கலைக்கழகத்து ஜான் இங்கிராமோடு சேர்ந்து, பாக்டீரியாவைத் தனியாக வளர்த்து ஒயினில் விட்டு, தானாக வரும் என்று காத்திருக்காமல் மாலோவை வரவழைத்துக் காட்டினார். முடிவுகள் 1960இல் வெளியாயின. இப்போது உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியாப் பொடி பாக்கெட்டில் வருகிறது. பிரித்து நேரே தொட்டியில் போடலாம். தொட்டியைச் சுற்றி வெந்நீர்க் குழாய் ஓட்டி 20 டிகிரியில் வைத்தால், மே மாதத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. காதை வைத்துக் கேட்கவும் வேண்டியதில்லை.

பிறகு எப்படித் தெரிந்துகொள்வது, முடிந்ததா இல்லையா என்று? சின்ன ஒயினரிகளில் இன்றும் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கனத்த வடிதாளை எடுத்து, அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளி வைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சொட்டு: முதலில் தெரிந்த அமிலங்கள், பிறகு பீப்பாய் வாரியாக ஒயின். காய விட்டு, மறுபடி அதே இடத்தில் ஒரு சொட்டு. தாளைக் குழலாகச் சுருட்டி இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, அரை அங்குல உயரத்துக்குக் கரைசல் ஊற்றிய வாயகன்ற ஜாடிக்குள் நிற்க வைத்து மூடிவிடுவார்கள். பியூட்டனால், ஃபார்மிக் அமிலம், ஒரு பச்சைச் சாயம் கலந்த கரைசல் அது. மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும். கரைசல் தாளில் ஊறி மெல்ல மேலே ஏறும். ஏறும்போது அமிலங்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேகத்தில். சாயங்காலம் எடுத்துக் கொடியில் காயப் போட்டால் முதலில் தாள் முழுக்க மஞ்சளாக, ஒன்றும் புரியாமல் இருக்கும். ராத்திரி ஃபார்மிக் அமிலம் ஆவியாகப் போகப் போகத் தாள் நீலப்பச்சையாக மாறும். அமிலம் நின்ற இடம் மட்டும் மஞ்சள் திட்டாகத் தங்கும். அடியில் டார்டாரிக், அதற்கு மேல் சிட்ரிக், நடுவில் மாலிக், உயரத்தில் லாக்டிக். எந்தப் பீப்பாயின் வரிசையில் நடுத் திட்டு இல்லையோ அதில் மாலோ முடிந்தது.

அந்தத் தாளில் ஏணி மாதிரி நிற்கிற நான்கு அமிலங்களையும் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஒரே ஆள் என்பது எனக்குத் தீராத வியப்பு. கார்ல் வில்ஹெல்ம் ஷேலே, ஸ்வீடனில் மருந்துக் கடை வைத்திருந்தவர். 1769இல் டார்டாரிக், 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக், 1784இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக், 1785இல் ஆப்பிளிலிருந்து மாலிக். அடுத்த வருஷம் 43 வயதில் இறந்துபோனார். லாக்டிக்கும் மாலிக்கும் ஒரு பீப்பாய்க்குள் அப்பா பிள்ளை உறவில் இருப்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

தாளை மட்டும் நம்பிப் பெரிய ஒயினரிகள் பாட்டிலில் அடைப்பதில்லை. லிட்டருக்கு 0.1 கிராம் அளவில் மாலிக் மிஞ்சியிருந்தால் தாள் கண்ணுக்குக் காட்டாது. நொதிப் பரிசோதனை காட்டிவிடும். அந்த மிச்சத்தைப் பற்றி ஏன் கவலை என்றால், மாலோவை எங்கே வேண்டுமானாலும் நடக்க விடலாம், பாட்டிலுக்குள் மட்டும் நடக்க விடக் கூடாது. கார்க் அடித்த பிறகு பாக்டீரியா எழுந்தால் ஒயின் கலங்கும், வாயு அடையும், ஒரு புழுங்கிய வாடை வரும். போர்ச்சுகலின் வடமேற்கில் வின்யோ வெர்டே என்று ஒரு வெள்ளை ஒயின். அதன் நாக்கைக் கடிக்கிற லேசான குமிழி ஒரு காலத்தில் இந்த விபத்தால்தான் வந்தது. ஜனங்களுக்குக் குமிழி பிடித்தது, கலங்கல் பிடிக்கவில்லை. இப்போது மாலோவைத் தடுத்துவிட்டு, பாட்டிலில் அடைக்கும்போது தனியாக வாயு சேர்க்கிறார்கள்.

வெண்ணெய் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் மாலோ என்றதும் ஒயின் குடிப்பவர்களுக்கு முதலில் நினைவு வருவது அதுதான். ஒயினில் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் உண்டு. மாலிக் தீரப்போகிற சமயத்தில் ஈனோகாக்கஸ் அதிலும் வாய் வைக்கும். அதன் வழியில் உண்டாகிற ஒரு பொருள் டைஅசிட்டைல். தியேட்டரில் பாப்கார்ன் மெஷினிலிருந்து வருகிற வெண்ணெய் வாசனையும் இதுவேதான். ஷார்டனே என்ற வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். காபர்னே சோவின்யோன் மாதிரி வாசனை கனத்த சிவப்பில் 2.8 மில்லிகிராம் வரை ஒளிந்துகொள்ளும். அதாவது ஒரே அளவு, ஒன்றில் நெடி, இன்னொன்றில் இருப்பதே தெரியாது. 1980, 90களில் கலிஃபோர்னியாவில் இந்த வெண்ணெய் வாசனையை வலிந்து வரவழைத்து, அதோடு புது ஓக் பீப்பாயின் வனிலா மணத்தையும் ஏற்றி விற்றார்கள். அமோகமாக விற்றது. திராட்சை எங்கே போனது என்று கேட்க வைக்கிற ஒயின்கள் அவை. எனக்கு ஒப்புதல் இல்லை.

வெண்ணெய் வேண்டாம், மென்மை மட்டும் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாலோ முடிந்ததும் அவசரப்படாமல் ஒயினை ஈஸ்ட் வண்டலின் மேலேயே இன்னும் சில வாரம் விட்டுவைத்தால், பாக்டீரியாவும் மிச்சமிருக்கிற ஈஸ்டும் டைஅசிட்டைலை வாசனையில்லாத பொருளாக மாற்றிவிடும். பிரான்ஸில் ஷாப்ளி என்ற ஊரின் பெரும்பாலான ஒயின்கள் மாலோ முடித்தவைதான். ஆனால் குடித்தால் வெண்ணெய் நினைவுக்கே வராது. கத்தி போல இருக்கும். மாலோவுக்கும் வெண்ணெய்க்கும் கட்டாய உறவு எதுவும் இல்லை என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

மாலோவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்குகிற அளவு) 3ஐ ஒட்டி இருக்கும். அந்தப் புளிப்பில் பாக்டீரியா கிளம்புவதே அரிது. கிளம்பினாலும் விட மாட்டார்கள். பல ரீஸ்லிங்கில் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் வைப்பார்கள். சர்க்கரை இருக்கிற இடத்தில் ஈனோகாக்கஸ் நல்ல பிள்ளையாக இருக்காது. அதைத் தின்று வினிகரின் அமிலத்தை உண்டாக்கிவிடும். ஈஸ்ட் பாதியில் நின்றுபோன தொட்டி என்றால் எந்த ஒயின்காரருக்கும் தூக்கம் போவது இதனால்தான். ஷாம்பெய்னில் பெரும்பாலான நிறுவனங்கள் மாலோ செய்கின்றன. லான்ஸோன் நெடுங்காலம் செய்யாமலே பெயர் எடுத்தது. சூடான நாடுகளில் கணக்கு வேறு. அங்கே வெள்ளை ஒயினில் இருக்கிற கொஞ்ச நஞ்ச மாலிக்கையும் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட்டால் ஒயின் சப்பென்று உட்கார்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் வெப்பமான பகுதிகளில் டார்டாரிக் அமிலத்தை மூட்டையில் வாங்கிச் சேர்ப்பது சாதாரணம். புளிப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஏன் மாலோ செய்ய வேண்டும்? ஆனால் அதே ஊரில் சிவப்பு ஒயினுக்குச் செய்வார்கள். சிவப்பில் அது ருசிக்காக மட்டும் இல்லை. மாலிக் மிஞ்சிய சிவப்பு ஒயின், எப்போது எழும் என்று தெரியாத பாக்டீரியாவோடு பாட்டிலுக்குள் போகிற ஒயின்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மாலோ விளம்பரம் மாதிரி ஆகிவிடும். மாலோவுக்குப் பிறகு பி.எச். 0.1 முதல் 0.3 வரை ஏறும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் ஒயினைக் காக்கிற கந்தக டை ஆக்சைடு முழுக்க முழுக்க பி.எச்.சை நம்பி இருப்பது. பி.எச். 3.2இல் அதில் சுமார் 4 சதவீதம் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 3.5க்கு ஏறினால் 2 சதவீதம்தான். பாதி பலம் போய்விட்டது. அப்படிக் காவல் தளர்ந்த வீட்டுக்குள் வருவது பீடியோகாக்கஸ், லாக்டோபாசில்லஸ் வகையறா. பாஸ்டர் பார்த்த கொழகொழப்பும் கசப்பும் இவர்கள் கைவேலை. ஹிஸ்டமின் போன்ற அமீன்களை உண்டாக்குவதிலும் இவர்களுக்குப் பங்குண்டு. சிவப்பு நிறமும் பி.எச். ஏறினால் கொஞ்சம் மங்கும். அதனால் மாலோ முடிந்தது என்று தெரிந்த அன்றே கந்தகம் போடுவது நல்ல ஒயின்காரரின் பழக்கம். ஒரு வாரம் சோம்பினால் அதுவரை பட்ட பாடு வீண்.

மாலோவைத் தடுக்க விரும்பினால் குளிர வைப்பது, கந்தகம், 0.45 மைக்ரான் வடிகட்டி என்று பல வழி. முட்டை வெள்ளைக் கருவிலிருந்து எடுக்கிற லைசோசைம் என்ற நொதியும் அதில் ஒன்று. அது இந்த பாக்டீரியாக்களின் செல் சுவரைக் கரைத்துவிடும்.

கடைசியாக, பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சொன்ன லாக்டிக் அமிலம் திராட்சையின் மாலிக்கிலிருந்து வந்தது. அதில் பாலும் இல்லை, லாக்டோஸும் இல்லை. ஆனால் சில ஒயின்களைத் தெளிய வைக்கப் பாலின் கேசீனோ முட்டை வெள்ளையோ சேர்ப்பதுண்டு, லைசோசைமும் முட்டைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவை ஒயினில் தங்கியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்று 2012இலிருந்து விதி இருக்கிறது. பால், முட்டை அலர்ஜி உள்ளவர்கள் பின்பக்க லேபிளில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.